உறக்கமும் ஒரு நியமம்

மாசி மாதத்து மகா சிவராத்திரி. கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரில் முதற்கால பூஜைக்கு மணி ஒலித்தபோது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் மகனும் சிவன் கோயில் பிராகாரத்தில் ஜமக்காளம் விரித்து அமர்ந்தனர். மகனுக்கு வயது 34. சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணி. ஓராண்டுக்கும் மேலாக மனச்சோர்வில் வாடி, விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தார். நான்கு காலமும் கண் விழித்து அபிஷேகம் கண்டால் பிள்ளையைப் பிடித்த வாட்டம் நீங்கும் என்பது தாயாரின் வேண்டுதல்.

வேண்டுதல் பலித்துவிட்டதாகவே மறுநாள் தோன்றியது. ஓராண்டாக வாய் திறவாதிருந்த பிள்ளை வாய் ஓயாமல் பேசினார். பகலிலும் உறங்கவில்லை, இரவிலும் மூன்று மணி நேரமே படுத்து, களைப்பே இல்லாமல் எழுந்தார். நான்காம் நாள் கோயில் நந்தவனத்தைத் தாமே கொத்தத் தொடங்கினார். ஐந்தாம் நாள் சுவாமிக்குத் தங்கக் கவசம் செய்து சாத்துவதாக ஊரார் முன் அறிவித்தார். நாச்சியார்கோயிலுக்குச் சென்று 108 பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு முன்பணம் கொடுத்தார். "பிள்ளைக்கு அருள் வந்திருக்கு" என்று தெருவில் சிலர் கை கூப்பினர். தாயார் மகிழ்ந்து போய்த் தம் இரட்டை வடச் சங்கிலியைத் தாமே கழற்றிக் கொடுத்தார். அது அன்று மாலைக்குள் அடகுக் கடைக்குப் போயிற்று. கைப்பேசி வழியாகவும் இரண்டு கடன்கள். கூட்டிப் பார்த்தால் 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்.

பத்தாம் நாள் கோயில் எழுத்தரோடு வாய்ச்சண்டை. தடுக்கப் போன தந்தையின் கையை மகன் உதறிய வேகத்தில் பெரியவர் தூணில் மோதி விழுந்தார். அன்றிரவு உறவினர் நால்வர் சேர்ந்து தஞ்சையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். மனநல மருத்துவர் பழைய கதையை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். 26 வயதில் இரண்டு வாரம் உறக்கமின்றித் 'துள்ளிக்கொண்டிருந்த' காலம் ஒன்று இருந்ததைத் தாயார் அப்போதுதான் நினைவுகூர்ந்தார். அதன் பிறகே நோயின் பெயர் தெரிந்தது: இருமுனைக் கோளாறு, மருத்துவர்கள் பைபோலார் என்பார்கள்.

ஒரு முனையில் எழுச்சி, மறு முனையில் சோர்வு. எழுச்சி என்றால் இன்பமாக இருத்தல் மட்டும் அன்று. ஒரு வாரமோ அதற்கு மேலோ உறக்கத் தேவை குறைந்து, பேச்சு பெருகி, எண்ணம் எண்ணத்தின் மேல் ஏறி ஓடி, கைப்பொருளைப் பற்றிய நிதானம் அற்றுப்போகும் நிலை. சோர்வு என்றால் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் எதிலும் நாட்டமின்றி, எழுந்து பல் துலக்கவும் மலைக்கும் நிலை. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. சோர்வு முதலில் வந்தால் வெறும் மனச்சோர்வு என்றே பல ஆண்டுகள் எண்ணப்படுவதும் உண்டு. இந்தக் குடும்பத்தில் நடந்ததும் அதுவே. எழுச்சி பக்தியின் உடையில் வந்தால் அதை நோய் என்று அடையாளம் காண்பது இன்னும் கடினம். ஊரே கை கூப்பும்போது தாயார் என்ன செய்வார்?

மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்த பின் மகன் வீடு திரும்பினார். லித்தியம் என்ற உப்பு வகை மாத்திரை தரப்பட்டது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், 1949-ல் இந்த நோயின் எழுச்சிக்கு லித்தியம் உதவுவதை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்தவர். போர் முடிந்து வந்து, மெல்போர்ன் அருகே ஒரு மருத்துவமனையில் வசதி ஏதுமற்ற அறையில் கினிப் பன்றிகளைக் கொண்டு சோதித்தவர். நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் தாமே உட்கொண்டு பார்த்தார். முக்கால் நூற்றாண்டு கடந்தும் இந்நோய்க்கு அடித்தளமான மருந்துகளில் ஒன்றாக அது நிற்கிறது.

மருந்து எழுச்சியை அடக்கிற்று. ஆனால் சித்திரை பிறந்தபோது மகன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். கடன்காரர்களின் அழைப்பு, தெருவில் பார்வை, தந்தையின் கைக்கட்டு. வெட்கமும் சோர்வும் எது எங்கே முடிகிறது என்று தெரியாதபடி கலந்து கிடந்தன. நாள்தோறும் காலையில் தந்தை ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "ஊரார் முன்னாடி தலை குனிய வச்சிட்டியேப்பா." முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளியில் அதட்டிப் பழகிய குரல். மகன் பதில் சொல்வதில்லை.

அடுத்த முறை தஞ்சைக்குச் சென்றபோது மருத்துவர் அவர்களை அதே மருத்துவமனையில் இருந்த உளவியல் சிகிச்சையாளரான ஓர் அம்மையாரிடம் அனுப்பினார். பேச்சு வழியே தரப்படும் சிகிச்சை என்றதும் பெரியவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. "நாற்பது வருஷம் பேசித்தான் பிள்ளைகளைத் திருத்தினேன். இவனிடம் நான் பேசாததா?" என்றார். தாயாருக்கோ வேறு கேள்வி. கணவர் வெளியே போகும் வரை காத்திருந்து, குரல் தாழ்த்திக் கேட்டார்:

"சாமிக்காகக் கண் முழிச்சது பிள்ளைக்குத் தீங்காகுமா, டாக்டரம்மா? நான்தானே கூட்டிக்கிட்டுப் போனேன்."

"விரதம் தீங்கு செய்யலைம்மா. தூக்கம் போனதுதான் கதவைத் திறந்து விட்டது. ராத்திரி பஸ்ல ஊருக்கு வந்திருந்தாலும், ஆபீஸ்ல ராத்திரி வேலை பார்த்திருந்தாலும் இதே நடந்திருக்கலாம். உங்களுக்கு யாரும் சொல்லலை. தெரியாமச் செஞ்சதுக்கு உங்களைத் தண்டிச்சுக்காதீங்க."

அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ஓரிரவு உறக்கம் கெடுவதே எழுச்சிக்குத் தூண்டுதலாகலாம். உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. கதிரவன் ஒளி அதற்கு முதல் சாவி. ஆனால் மனிதருக்கு வேறு சாவிகளும் உண்டு: காலையில் யாரோடு முதலில் பேசுகிறோம், எப்போது வேலை தொடங்குகிறது, எப்போது இரவு உணவு. ஒரு மரணம், ஒரு வேலை மாற்றம், ஒரு திருமணம் வந்தால் மனத்தை உலுக்குவதோடு இந்த நேரங்களையும் அது கலைத்துவிடுகிறது; நேரம் கலைந்தால் உறக்கம் கலைகிறது; உறக்கம் கலைந்தால், இயல்பிலேயே எளிதில் தடுமாறும் கடிகாரம் உடையவருக்கு நோய் திரும்புகிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலன் ஃபிராங்க் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1980-களின் இறுதியில் முன்வைத்த கருத்து இது. அதை வைத்தே அவர் ஒரு சிகிச்சை முறையை வகுத்தார். உறவுகளையும் அன்றாட ஒழுங்கையும் ஒருசேரச் சீர்செய்வது அதன் நோக்கம்.

சிகிச்சையின் கருவி ஒரு தாள். அதில் ஐந்து வரிகள். படுக்கையை விட்டு எழுந்த நேரம். முதன்முதலாக இன்னொருவரோடு பேசிய நேரம். வேலையோ படிப்போ வீட்டுப் பணியோ தொடங்கிய நேரம். இரவு உணவு நேரம். படுக்கைக்குச் சென்ற நேரம். ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டி வகுத்த நேரம் ஒரு பக்கம், நடந்த நேரம் மறுபக்கம். கூடவே, அப்போது யார் உடன் இருந்தார்கள் என்ற குறிப்பு. அன்றைய மனநிலைக்கு மிகத் தாழ்விலிருந்து மிக உயர்வு வரை ஓர் எண். வரவு செலவுக் கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இராது. நாள்வழிக் குறிப்பைப் போலத்தான். ஒருநாள் எழுதினால் ஒன்றும் தெரியாது. ஆறு வாரம் எழுதினால், எந்த வாரத்தில் நேரம் சிதறிற்றோ அதை அடுத்தே மனமும் சிதறியிருப்பது கண்ணுக்குத் தெரியும்.

2005-ல் வெளியான இரண்டாண்டு ஆய்வில் 175 நோயாளிகள் பங்கேற்றனர். அனைவருக்கும் மருந்து உண்டு. நோய் கடுமையாக இருந்த காலத்திலேயே இந்தச் சிகிச்சையைப் பெற்றவர்கள், அடுத்த இரண்டாண்டில் புதிய நோய்க்கட்டம் வராமல் நீண்ட நாள் இருந்தார்கள். முதலில் குணமாகும் வேகத்தில் வேறுபாடு இல்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. இது விரைவு மருந்தன்று. மெல்ல ஊறும் ஊற்று.

அம்மையார் மகனிடம் முதல் சந்திப்பில் இதைப் பற்றிப் பேசவே இல்லை. எதை இழந்ததாகத் தோன்றுகிறது என்று மட்டும் கேட்டார். நெடுநேரம் கழித்து மகன் சொன்னார்: "அந்தப் பத்து நாளை." பெரியவர் கேட்டிருந்தால் கோபித்திருப்பார். ஓராண்டு இருட்டில் கிடந்தவருக்குக் கிடைத்த பத்து நாள் வெளிச்சம் அது. நோய் என்று பெயர் சொல்லிப் பறித்துக்கொண்டார்கள். நோய் வருமுன் இருந்த தம்மையும், எழுச்சியில் கண்ட தம்மையும் எண்ணி நோயாளி துக்கம் காப்பதற்கு இந்தச் சிகிச்சையில் தனி இடம் உண்டு. இறந்தவர்க்குச் செய்வதைப் போல, இழந்த நலத்துக்கும் அழுது முடிக்க வேண்டும் என்பது கருத்து. அழுது முடிக்காதவர்கள்தாம், அந்த வெளிச்சம் மீண்டும் வேண்டும் என்று ரகசியமாக மாத்திரையை நிறுத்துகிறார்கள். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் மீள்வது மட்டுமன்றித் தற்கொலை அபாயமும் கூடுகிறது.

மகன் மூன்று சந்திப்பு அழுதார். நான்காவதில் தாளை வாங்கிக்கொண்டார்.

எழும் நேரம் 6 மணி என்று வைத்தார்கள். முதல் பேச்சு 6.15, தந்தையோடு காபி. வேலை 9.30. இரவு உணவு 7.30. படுக்கை 10.15. சென்னை அலுவலகத்தில் அவர் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காகப் பல ஆண்டுகள் இரவு நேரத்தில் பணிபுரிந்தவர். அதுவே நோயை ஊட்டி வளர்த்திருக்கக்கூடும் என்று அம்மையார் கருதினார். மருத்துவரின் கடிதத்தோடு, பகல் நேரப் பணிக்கு மாற்றம் கேட்டார்கள். வீட்டிலிருந்தே செய்ய அனுமதி கிடைத்தது. எல்லா நிறுவனமும் கொடுக்கும் என்று சொல்வதற்கில்லை, இவருக்குக் கிடைத்தது.

நேரங்களை நினைவில் நிறுத்தத் தாயார் ஒரு வழி கண்டார். அந்தக் கோயிலில் காலசந்தி மணி, உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தஜாமம் எல்லாம் தெருவுக்குக் கேட்கும். சாயரட்சை தீபாராதனை கண்டு வந்தால் சாப்பாடு. அர்த்தஜாம மணி கேட்டால் கைப்பேசியை அப்பாவின் அலமாரியில் வைத்துவிட வேண்டும். அம்மையார் இதைக் கேட்டுத் தாளின் ஓரத்தில் அப்படியே குறித்துக்கொண்டார். சுவாமிக்குக்கூடப் பள்ளியறை நேரம் உண்டு என்று பெரியவர் முதன்முறையாகச் சிரித்தார்.

கோயிலுக்கும் மனநலத்துக்கும் உள்ள உறவைப் பற்றி இருவேறு செய்திகள் உண்டு. இரண்டையும் சேர்த்தே அறிய வேண்டும். தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ரகுராம் என்ற மனநல மருத்துவரும் உடன் பணியாற்றியோரும் ஆராய்ந்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினர். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறி அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே விசேடமான சடங்கு ஏதும் இல்லை. காலை வழிபாடு, இடம் பெருக்குதல், செடிக்கு நீர் ஊற்றுதல், உடன் ஓர் உறவினர், யாரும் அடிக்காத, ஏசாத சூழல். அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு. அவர்களுள் பெரும்பாலோர் வேறு வகை மனநோயர் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டில்தான், 2001 ஆகஸ்டு 6 அன்று, ஏர்வாடியில் வழிபாட்டிடத்தை ஒட்டிய காப்பிடமொன்றில் தீப்பற்றி, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் மாண்டனர். முதல் இடத்தில் இருந்தது பரிவும் ஒழுங்கும். இரண்டாவதில் இருந்தது சங்கிலி.

ஆடி மாதத்தில் இன்னொரு சோதனை வந்தது. தாயார், மகனுக்காக ஒரு மண்டலம் உப்பில்லா விரதம் நேர்ந்துகொண்டார். நேர்ந்தவர் அவர், இருந்தவர் மகன். அம்மாவின் மனம் நோகக்கூடாதென்று மகன் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மாலை வரை நீரும் அருந்தாத நியமம் வேறு. மூன்றாம் வாரம் வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், நடை தள்ளாடிற்று, பேச்சு குழறியது. திருஷ்டி என்று எண்ணிக் கழித்துப் போடுவதற்குள், திருச்சியிலிருந்து வந்திருந்த தங்கை காரைப் பிடித்தார். இரத்தப் பரிசோதனையில் லித்தியம் அளவு அபாய எல்லையைத் தாண்டியிருந்தது.

லித்தியம் உட்கொள்பவர் உணவில் உப்பைச் சட்டென்று குறைத்தால், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள முயலும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நீர் வற்றினாலும் அப்படியே. கோடையில் வெயிலில் வியர்க்க வியர்க்கப் பாத யாத்திரை, வாந்தி பேதி, நிர்ஜல ஏகாதசி ஆகியவை இவர்களுக்கு ஆபத்தானவை. மூட்டு வலிக்கு வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாத்திரைகளில் ஒன்றைப் 'போட்டுக்கோ' என்று கொடுப்பதும் அளவை ஏற்றிவிடும். சில இரத்த அழுத்த மாத்திரைகளும், நீர் பிரிக்கும் மாத்திரைகளும் அப்படித்தான். ஆகவேதான் இரத்தத்தில் லித்தியம் அளவையும், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றையும் குறித்த இடைவெளியில் சோதிக்கிறார்கள். நடுக்கம் மிகுதல், தள்ளாட்டம், குழறல், வாந்தி ஆகியவை சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மறுநாள் வரை பொறுத்திருக்கலாகாது.

மகன் ஒரு வாரத்தில் தேறினார். தாயார் தேறவில்லை. முதலில் சிவராத்திரி, இப்போது விரதம். அன்பினால் தொட்டதெல்லாம் பிள்ளையைச் சுடுகிறதே என்று பூஜை அறைக் கதவைச் சாத்திவிட்டார். விளக்குகூட ஏற்றவில்லை. அம்மையார் இதையறிந்து மூவரையும் ஒருசேர அழைத்தார். அதற்குமேல் நடந்தவை குடும்பச் சிகிச்சை.

இந்த முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளில் சிலர் விரைவில் மீண்டும் நோயுறுவதும் சிலர் நலமாயிருப்பதும் ஏன் என்று லண்டனில் ஆராய்ந்தவர்கள், வீட்டார் நோயாளியைப் பற்றிப் பேசும் விதத்தைப் பதிவு செய்து எண்ணிப் பார்த்தார்கள். குறை கூறல், வெறுப்பு, அளவு மீறிய தலையீடு ஆகியவை மிகுந்த வீடுகளில் நோய் மீள்வது அதிகம் என்று தெரிந்தது. அளவு மீறிய தலையீடு என்பதை அன்பு என்றே பல வீடுகளில் அழைக்கிறார்கள். டேவிட் மிக்லோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இருமுனைக் கோளாறுக்கென்று குடும்பத்தாரை உட்கார வைத்துச் செய்யும் சிகிச்சையை அமைத்தார். ஒன்பது மாதத்தில் 21 சந்திப்புகள்: முதலில் நோயைப் பற்றி அறிதல், பிறகு பேசும் முறை, இறுதியில் சிக்கல்களைத் தீர்க்கும் முறை. 2007-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், சோர்வு நிலையில் இருந்த 293 நோயாளிகளில் இத்தகைய ஆழ்ந்த உளவியல் சிகிச்சைகளில் ஒன்றை மருந்தோடு பெற்றவர்களில் 100-க்கு 64 பேர் ஓராண்டுக்குள் தேறினார்கள். மருந்தோடு சுருக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 52 பேர். வேறுபாடு வானளாவியதன்று. ஆயினும் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தாய் தந்தையர் இருந்திருப்பர்.

பெரியவருக்குத் தரப்பட்ட வீட்டுப்பாடம் எளிதாகத் தோன்றி, மிகக் கடினமாக இருந்தது. குறை சொல்ல வேண்டுமானால் மூன்று பகுதியாகச் சொல்ல வேண்டும்: நடந்தது என்ன, அதனால் தமக்கு நேர்ந்த உணர்ச்சி என்ன, வேண்டுவது என்ன. 'எப்போதும்', 'ஒருபோதும்' என்ற சொற்கள் கூடா. முதல் வாரம் அவர் வாயே திறக்கவில்லை. இரண்டாம் வாரம் ஒருநாள் காலைக் காபிக்குப் பிறகு, வகுப்பறையில் ஒப்புவிப்பவரைப் போல எழுந்து நின்று சொன்னார்:

"நேத்து ராத்திரி பன்னண்டு மணிக்கு உன் அறையில விளக்கு எரிஞ்சுதுப்பா. எனக்குப் பயமா இருந்தது. பத்தரைக்கு அணைச்சிட்டா நானும் தூங்குவேன்."

அப்பாவுக்குப் பயம் உண்டு என்பது மகனுக்கு 34 ஆண்டுகளில் முதல் செய்தி. அன்றிரவு விளக்கு பத்தேகாலுக்கு அணைந்தது.

சிக்கல்களைத் தீர்க்கும் கட்டத்தில் கடனை எடுத்துக்கொண்டார்கள். விளக்குக் கடைக்காரர் நல்லவர்; செய்து முடித்த 11 விளக்குகளுக்கு மட்டும் விலை வாங்கிக்கொண்டு, மீதி முன்பணத்தைச் சிறு கழிவோடு திருப்பினார். கைப்பேசிக் கடன்களுக்கு வட்டி அதிகமாதலால் முதலில் அவற்றை அடைத்தார்கள், சங்கிலி பிறகு. வருங்காலத்துக்கான ஏற்பாட்டை மகனே சொன்னார், எழுத்தில் கொடுத்தார். சேமிப்புக் கணக்கில் தங்கையையும் சேர்த்து, 'இருவரில் எவரேனும்' என்றில்லாமல் 'இருவரும் சேர்ந்து' இயக்கும் முறைக்கு மாற்றினார்கள். இத்தகைய கணக்குக்குப் பொதுவாக ஏ.டி.எம். அட்டையும் கைப்பேசிப் பணப்பரிமாற்றமும் கிடையா; அந்தக் குறையே இங்கு பாதுகாப்பு. கைச்செலவுக்குத் தனியே ஒரு சிறு கணக்கு. 5,000 ரூபாய்க்கு மேல் எதை வாங்குவதாக இருந்தாலும் இரண்டு இரவு உறங்கி எழுந்த பின்னரே. நலமாக இருக்கும்போது நோயாளியே விரும்பிப் போட்டுக்கொள்ளும் கட்டு இது. நோய் முற்றிய வேளையில் மற்றவர் பிடுங்கினால் அது சண்டையாகிவிடும்.

எழுச்சியின் முன்னறிகுறிகளையும் தம் சொற்களிலேயே மகன் எழுதினார். நான்கு மணி நேரம் மட்டும் உறங்கி மூன்று நாள் தொடர்ந்து புத்துணர்வோடு எழுதல். இரவு பத்துக்கு மேல் பழைய நண்பர்களைத் தொலைபேசியில் அழைத்தல். பிறர் பணத்தில் ஒரு திருப்பணி. மூன்றில் இரண்டு கண்டால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். அதைச் சுட்டிக்காட்டும் உரிமை யாருக்கு என்று அம்மையார் கேட்டபோது, மகன் தங்கையின் பெயரைச் சொன்னார். பெரியவர் முகம் வாடியது, ஆயினும் தலையசைத்தார். தாயாரிடம் அம்மையார் கேட்டது ஒன்றே: விரதமும் வேண்டுதலும் அவருடையவை, அவர் உடம்பால் இயன்றவரை அவரே இருக்கட்டும், பிள்ளையின் நியமம் அந்தத் தாளில் இருக்கிறது. அன்று மாலை பூஜை அறை திறந்தது.

இத்தகைய உளவியல் சிகிச்சை எல்லா ஊரிலும் எளிதில் கிடைப்பதில்லை. ஆயினும் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. வழி தெரியாதவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் சேவை அது.

அடுத்த ஆண்டு மாசி வந்தது. நான்கு காலமும் இருப்பதாகத் தாயாரின் நேர்த்தி அப்படியே இருந்தது. மகன் ஏழரைக்கு வீட்டில் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்து முதற்கால தீபாராதனையைக் கண்டார். சந்நிதியில் நாச்சியார்கோயில் விளக்குகள் பதினொன்றும் எரிந்தன. ஒன்பதரைக்கு எழுந்தார்.

"நான் கிளம்பறேம்மா."

தாயார் எழப்போனார். ஜமக்காளத்தில் கையை ஊன்றியவர், மீண்டும் அமர்ந்துவிட்டார். "சாவி திண்ணை மாடத்துல இருக்கு" என்று மட்டும் சொன்னார். பெரியவர் கோபுர வாசல் வரை மகனைப் பார்வையால் தொடர்ந்தார். இருவரும் பின்னால் போகவில்லை. லிங்கோத்பவ காலத்தில் ஒருமுறை தாயார் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்ததுண்டு.

நான்காம் காலம் முடிந்து பிரசாதத்தோடு வீடு திரும்பியபோது மணி ஐந்தரை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பெரியவர் தட்டக் கை ஓங்கினார். அம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் திண்ணையில் அமர்ந்தனர். பால்காரர் மணியடித்தபோது அவரையும் சைகையால் அடக்கினார்கள். ஆறு மணிக்கு உள்ளே தாழ் நீங்கும் ஓசை கேட்டது. கூடத்து மேசையில் தாள் கிடந்தது. நேற்றைய தேதிக்கு நேரே, கடைசி வரியில்: படுக்கை 10.20.